விடியும்வரை ஆட்டம், காதுக்கு யார் காவல்?



செந்தோசாத் தீவின் சிலோசோ கடற்கரையில் பல்லாயிரம் பேரைத் திரட்டிய 'ஸூக்அவுட்' மின்னிசை நடன விழாவைச் சிங்கப்பூர் இளையர்கள் நன்கு அறிவார்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்விழா, கொவிட் காலத்துக்குப் பின் 2022 டிசம்பரில் அங்கே மீண்டும் களைகட்டியது. பொழுது சாய்ந்ததும் தொடங்கி விடியும்வரை ஆடுவதே அதன் பெயர்பெற்ற வழக்கமாக இருந்தது.

பிள்ளை புறப்படும்போது, "யாருடன் போகிறாய்? எப்போது வருவாய்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். "காதுக்கு என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்பவர்தான் அரிது.

இத்தகைய நிகழ்ச்சிகளில் ஒலி சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அந்த அளவுகூட இரவு முழுவதற்கும் ஏற்றதன்று. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்!

மறுநாள் காதில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டால், அது உட்செவியின் முறையீடு. அங்குள்ள நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆடுவது குற்றமன்று. காதடைப்பான் அணியுங்கள், ஒலிபெருக்கியை ஒட்டி நிற்காதீர்கள், அவ்வப்போது விலகிச் சென்று காதுக்கு ஓய்வு கொடுங்கள். ஓர் இரவின் இசைக்காக, வாழ்நாள் இசையை இழக்க வேண்டாமே!