ஒழுகும் கூரையும் மதிப்பீட்டு அறிக்கையும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறியாளர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன். பாதிக்கு மேல் கடன் பிரிவில்தான் ஓடியது. வீட்டுக் கடன் ஃபைல்களில் மதிப்பீட்டாளர் அறிக்கையைக் கோத்துக் கோத்துக் கை தேய்ந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன காரணம் உங்களுக்குத் தெரியும். நான்காவது மாடி நண்பர் வீட்டை விற்கிறார். வாங்குபவர் வங்கிக் கடன் போட்டிருக்கிறார், அடுத்த வாரம் மதிப்பீட்டாளர் வருகிறார். படுக்கையறைக் கூரையில் ஈரத் திட்டு இருக்கிறது. "சார், அதுக்குள்ள ஒரு கோட் பெயின்ட் அடிச்சிடலாமா?" என்று நண்பர் கேட்டார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். நம்மில் சிலரும் அவரிடம், "அடிச்சிடுங்க, இல்லாட்டி எல்லார் வீட்டு ரேட்டும் இறங்கிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

பதில் சொல்வதற்கு முன் என் சொந்த ஊர் கொத்தமங்கலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990-களின் நடுவில் நடந்தது. ஒரு பழைய இரண்டு கட்டு வீட்டைப் பங்காளிகள் விற்க, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கடன் போட்டு வாங்கினார். இரண்டாம் கட்டில் மெட்ராஸ் டெரஸ் கூரை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும். பர்மா தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் போட்டு, அதன் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். நூறு வருஷம் நிற்கும். ஆனால் உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். ஈரம் இறங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நடுப்பாகம் பளபளவென்று இருக்கும், முனை உளுத்துப் போயிருக்கும்.

அந்தக் காலத்தில் சில மதிப்பீட்டாளர்கள் அறிக்கையைக் கையால் எழுதிக் கொடுப்பார்கள். நாங்கள் டைப் அடித்துக் கையெழுத்து வாங்குவோம். அந்த வீட்டு அறிக்கையில் "கட்டடத்தின் நிலை: நன்று" என்று எழுதியிருந்தது. ஓரத்தில் பென்சிலில், "2-ம் கட்டு, வடக்குச் சுவர், கரையான் மண் தெரிகிறது, உத்தர முனை பார்க்கவேண்டும்" என்றும் இருந்தது. டைப் அடிக்கும்போது மேலே கேட்டேன். "பென்சில்ல இருக்கறதெல்லாம் எதுக்கு, மையில இருக்கறத மட்டும் அடிங்க" என்றார்கள். அடித்தேன். மதிப்பீட்டாளரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஐப்பசி மழையில் வடக்குச் சுவரை ஒட்டிய இரண்டு உத்தரங்கள் இறங்கிவிட்டன. ஒழுகுகிறது என்று முதல் நாள்தான் கட்டிலை முகப்புக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள், அதனால் யாருக்கும் அடிபடவில்லை. வாத்தியார் கிளைக்கு வந்து என் கவுன்டர் முன்னால் நின்று கேட்டார்: "உங்க ஆளு வந்து பார்த்துட்டுத்தானே கடன் குடுத்தீங்க?" நான் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தவணையை ஒரு மாதம்கூட நிறுத்தவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வாத்தியார் கேட்ட அதே கேள்வியை இங்கிலாந்தில் ஒரு பெண்மணி கேட்க, அது பிரபுக்கள் சபை வரைக்கும் போயிருக்கிறது. 1989-இல் தீர்ப்பான ஸ்மித் எதிர் எரிக் புஷ் வழக்கு. கடன் கொடுக்கும் நிறுவனத்துக்காக வந்த மதிப்பீட்டாளர், முதல் மாடியில் புகைபோக்கியின் அடிப்பாகத்தை யாரோ இடித்து எடுத்திருந்ததைப் பார்த்தார். அப்படியானால் மேலே மிச்சமிருக்கும் பாகம் எதன் மேல் நிற்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை. பெரிய பழுதுவேலை எதுவும் தேவையில்லை என்று எழுதினார். சுமார் ஒன்றரை வருஷத்தில் அது சரிந்து, கூரையைப் பிய்த்துக்கொண்டு படுக்கையறையில் விழுந்தது. "நாங்கள் பொறுப்பல்ல" என்று படிவத்தில் அச்சடித்திருந்தும் மதிப்பீட்டாளருக்குப் பொறுப்பு உண்டு என்றே தீர்ப்பு வந்தது. சாதாரண வீடு வாங்குகிறவர் அந்த அறிக்கையை நம்பித்தான் வாங்குவார் என்பது அவருக்கும் தெரியும், கட்டணமும் வாங்குகிறவர் பையிலிருந்துதான் போகிறது. நம் ஊரிலும் பெரும்பாலும் அப்படித்தானே?

இங்கே வங்கிகள் வைத்திருக்கும் மதிப்பீட்டுப் படிவம் ஒன்றும் மோசமில்லை. கூரை என்ன வகை, ஒழுகாமல் இருக்க மேலே என்ன போட்டிருக்கிறது என்றெல்லாம் கேட்கிறது. வெளிப்புற நிலை, உட்புற நிலை என்று வரும் இடத்தில் மிக நன்று, நன்று, சாதாரணம், மோசம் என நாலு சொல் இருக்கும். "நன்று" என்று எழுதினால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். "சாதாரணம்" என்று எழுதினால் மேனேஜர் ஃபோன் செய்வார். சந்தேகம் இந்த நாலு சொல்லில் எதற்குள்ளும் அடங்காது, ஆகவே பென்சிலுக்குப் போய்விடுகிறது.

என் பார்வையில் மதிப்பீட்டாளர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும்: "தென்கிழக்கு அறைக் கூரையில் இரண்டடிக்கு மூன்றடி ஈரத் திட்டு, பூச்சு உப்பியிருக்கிறது", கூடவே புகைப்படம். பார்க்க முடியாததையும் எழுத வேண்டும்: மாடிக் கதவு பூட்டியிருந்தது, ஃபால்ஸ் சீலிங் மறைத்தது என்று. காரணத்தை ஊகித்து எழுதக் கூடாது, கம்பி துருப்பிடித்ததா குழாய் கசிந்ததா என்பது கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டியது. தான் சொல்லும் தொகை எந்த அனுமானத்தில் நிற்கிறது என்பதை மறைக்கக் கூடாது. "கூரையில் கட்டமைப்புப் பழுது இல்லை என்று கொண்டால் இவ்வளவு, பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை இது உறுதியல்ல" என்று தொகைக்குப் பக்கத்திலேயே, மையில் எழுத வேண்டும்.

அமெரிக்காவில் அரசு காப்பீடு தரும் எஃப்.எச்.ஏ. வீட்டுக் கடனுக்கு விதியே இருக்கிறது. கூரைக்கு இன்னும் இரண்டு வருஷ ஆயுளாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுது பார்க்கவோ மாற்றவோ மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டும். கூரையைப் பார்க்க முடியவில்லையென்றால் ஏன் என்று எழுதி, கீழிருந்து கண்டதைத் தெரிவிக்க வேண்டும்.

கணக்கையும் பார்த்துவிடலாம், அது என் தொழில். 30 லட்ச ரூபாய் வரையான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 30 லட்சத்துக்கு ஒரு வீடு என்றால் கடன் 27 லட்சம், கைக்காசு 3 லட்சம். கூரை வேலைக்கு 3 லட்சம் ஆனால் அந்தக் குடும்பம் சேர்த்து வைத்தது முழுவதும் போயிற்று. வங்கிக்கு ஒன்றும் ஆகாது, தவணை வந்துகொண்டிருக்கும்.

ரேட் இறங்கும் என்கிறவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். குருகிராமில் சிந்தல்ஸ் பாரடைசோ என்ற அடுக்குமாடியில் 2022 பிப்ரவரி 10 அன்று ஆறாவது மாடியில் தொடங்கி வரிசையாகத் தளங்கள் விழுந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். பிறகு டெல்லி ஐ.ஐ.டி. சோதித்தபோது கான்கிரீட்டில் குளோரைடு கலந்திருந்தது தெரிந்தது. குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இன்னொன்று நம் திருவொற்றியூர். 2021 டிசம்பர் 27 அன்று குடிசை மாற்று வாரியம் கட்டிய 24 வீடுகள் சரிந்தன, ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்த ஜனங்கள் அதைச் சும்மா விடாமல் ஒருவரையொருவர் எச்சரித்து வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் யாரும் மதிப்பீட்டாளர் இல்லை.

நம் ஈரத் திட்டு அந்த அளவுக்கு என்று நான் சொல்லவில்லை. மாடியில் தட்டோடு இணைப்பு விட்டுப்போயிருக்கலாம், மழைநீர்க் குழாய் வாயில் அரசமரக் கன்று முளைத்திருக்கலாம் (முளைத்திருக்கிறது, போய்ப் பாருங்கள்). எதுவானாலும் மொட்டை மாடி நண்பருடைய சொத்து இல்லை. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே பொதுப் பகுதிகளில் மொட்டை மாடியைச் சேர்த்திருக்கிறது. அதைப் பராமரிக்காமல் விட்டது நாம், பெயின்ட் அடிக்கச் சொல்வது அவரையா?

ஆகவே நண்பருக்கு என் பதில்: பெயின்ட் வேண்டாம் சார். மதிப்பீட்டாளர் வந்தால் திட்டை நீங்களே காட்டுங்கள், எந்த மழையில் வந்தது என்றும் சொல்லுங்கள். மாடிச் சாவியோடு நான் வருகிறேன். அவர் "நன்று" என்று எழுதப் போனால், பார்த்ததை எழுதச் சொல்லி நானே கேட்கிறேன். சங்கத்துக்கு என் கோரிக்கை: கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்து மாடி முழுவதையும் பார்க்க இன்றே தீர்மானம் போட வேண்டும். செலவு எல்லா வீட்டுக்கும் பொது. தரைத்தளத்தில் இருக்கும் என் பங்குக் காசோலையை இப்போதே பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன்.