ஜொகூர் இரயிலும் நாட்கூலியும்

(பினாங்கு லிட்டில் இந்தியாவில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் கூடியிருக்கும் இந்த இடத்திலிருந்து கடற்கரைப் பக்கம் சற்று நடந்தால், மணிக்கூண்டு வைத்த பெரிய கட்டடம் ஒன்று தெரியும். 1907-இல் இரயில்வேக்காகக் கட்டப்பட்டது. பின்னாளில் சுங்க இலாகாவின் கைக்குப் போனது. அந்த ஸ்டேஷனில் தண்டவாளம் ஒரு முழம்கூடக் கிடையாது! டிக்கட் இங்கே, படகேறி அக்கரைப் பிறைக்குப் போனால்தான் வண்டி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் பலர் இப்படித்தான் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

பிறையிலிருந்து புறப்பட்ட பாதை 1903-இல் சிரம்பான் வரை எட்டிவிட்டது. ஆனால் தெற்கே ஜொகூர் குறுக்கே நின்றது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் வெள்ளைக்கார ரெசிடெண்டின் கைக்குள் அடங்கிவிட்ட காலம் அது. ஜொகூர் அடங்கவில்லை. அதற்குத் தனிக் கொடி, 1895-இல் எழுதிய தனி அரசியல் சட்டம், தனி சுல்தான்.

இரயில் ஆசையும் ஜொகூருக்குப் புதிதல்ல. 1869-இலேயே ஜொகூர் பாருவிலிருந்து புலாய் மலைப் பக்கம் மரத்தாலேயே தண்டவாளம் போட்டுப் பார்த்தார்கள். கறையான் தின்று தீர்த்தது! பிறகு 1890-இல் மூவாரிலிருந்து பாரிட் ஜாவாவுக்குச் சிறு இரயில் ஒன்று ஓடியது. 1929 வரை அது உயிரோடிருந்தது.

நாட்டை ஊடுருவிச் செல்லும் பெரிய பாதைக்கு 1904-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பாதை ஜொகூருக்குச் சொந்தம். பணமோ நான்கு மாநிலங்களின் அரசாங்கம் கொடுத்த கடன். கட்டியது அவர்களின் இரயில்வே இலாகா. கிம்மாஸிலிருந்து சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வழியாக ஜொகூர் பாரு வரை சுமார் 120 மைல். 1909-இல் வண்டி ஓடியது. பிறையில் ஏறியவர் தீபகற்பத்தின் தென்கோடியில் இறங்கலாம் என்றாயிற்று.

தோழர்களே, அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1910-இல் ஜொகூருக்குப் பிரிட்டிஷ் ஆலோசகர் வந்து சேர்ந்தார். 1912-இல் இரயில்பாதை மலாய் மாநிலங்களின் இரயில்வேக்குக் குத்தகைக்குப் போயிற்று. 1914-இல் ஆலோசகரின் அதிகாரம் மேலும் கூடியது. பாதைக்குச் சொந்தக்காரர் சுல்தான்தான். சாவியோ வேறொருவர் மடியில்!

இரயிலின் பின்னே இரப்பரும் வந்தது. 1910-இல் இலண்டன் சந்தையில் ஒரு இராத்தல் இரப்பர் 12 ஷில்லிங்கையும் தாண்டி விற்றது. அந்த விலையைக் கண்ட கம்பெனிகள் காட்டைத் திருத்தி நட்டுக்கொண்டே போயின. பால் ஷீட்டாகி, மூட்டையாகி, ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தது. 1923-இல் ஜொகூர் பாலத்தின் மேல் இரயில் ஓடத் தொடங்கியபின், மூட்டைகள் கடலைக் கடந்து நேரே சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கே போயின.

இத்தனையும் யார் முதுகில் ஏறி நடந்தது? மண் வெட்டிக் கல் சுமந்து சிலிப்பர் கட்டை தூக்கியவர்கள் தமிழர், சீனர் முதலிய பல இனத்து ஏழைகள். மலாயாக் காடுகளில் மலேரியா எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்பது நம் குடும்பங்கள் அறிந்த கதை. பாதை போட்டு முடிந்த பிறகும் அதைப் பழுது பார்த்த கூட்டத்தில் தமிழரே மிகுதி. ஆபீசிலும் தமிழ் ஒலித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேஷன் மாஸ்டரானவர்கள், கிளார்க்கானவர்கள் ஏராளம். ஒரே மொழி, ஒரே இரயில். ஆனால் ஒருவருக்கு மாதச் சம்பளம், மற்றவருக்கு நாட்கூலி. மழை பெய்தாலும் மாதச் சம்பளம் நிற்காது. காய்ச்சலில் நாலு நாள் படுத்தால் நாட்கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரியாது.

ஜொகூரில் வண்டி ஓடத் தொடங்கி 53 ஆண்டுகள் கழித்தும் இந்த வேறுபாடு தீரவில்லை. 1962 டிசம்பரில் மலாயா இரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது எதற்காக? நாட்கூலிகளை மாதச் சம்பளக்காரராக்கு என்பதற்காகத்தான். சுமார் மூன்று வாரம் இரயில் நின்றது. அதுவரை கண்ணில் படாத கூலிக்காரர் யார் என்று அன்றுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

பால்மரத்தடியில் நிற்கும் நமக்கு இந்தக் கதை அந்நியமா? மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் காசும் இல்லை என்றுதானே நாமும் வாழ்ந்து வந்தோம்? சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2013-இல்தான்! காடு திருத்திய நம் பாட்டன் காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால் நூறு வருஷமாகிறது.

2011 ஜூன் 30 இரவு, சிங்கப்பூர் தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. அதை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். 1909-இல் அரியணையில் இருந்த சுல்தான் இப்ராஹிமின் கொள்ளுப் பேரன் அவர். நாலு தலைமுறைக்கும் பெயர் இருக்கிறது, சரித்திரம் இருக்கிறது. நல்லது. அந்தப் பாதையில் கல் கொட்டியவனின் கொள்ளுப் பேரனும் நம்மிடையே இருக்கக்கூடும். அவனுக்குத் தன் பாட்டன் பெயர் தெரியுமா?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இரண்டு. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து, யார் எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில், எந்த லைனில் வேலை செய்தார் என்று எழுதி வையுங்கள். கிராணித் தம்பிகளே, எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள்; எழுதத் தெரியாத பெரியவருக்கு உங்கள் கையைக் கடன் கொடுங்கள். இரண்டாவது, சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் மாதந்தோறும் சரிபார்த்துப் பத்திரமாக வையுங்கள். அந்தச் சீட்டு நம் பாட்டன் கைக்குக் கிடைக்காத சொத்து.