ரயில் பெட்டியில் நடந்த பள்ளிக்கூடம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம், எதைப் பத்தி வேணும்னாலும் பேசுப்பா" என்றார் நம் செயலாளர். மெஷின் டிசைனில் இரண்டு முறை கோட்டை விட்டவன் நான். முன்வரிசையில் சார் உட்கார்ந்திருக்கும்போது தொழில்நுட்பம் பேசி மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. ஆகவே ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறேன். மதியம் சாப்பாட்டு வரிசையிலும் நாம் பேசியது அதைத்தானே? "உன் பிள்ளை எந்த ஸ்கூல்? ஃபீஸ் எவ்வளவு?"

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் அவள் டைரியில் மூன்று முறை சிவப்பு மையில் குறிப்பு வந்தது. இடத்தில் உட்காருவதில்லை, வகுப்பு நடக்கும்போது எழுந்து நடக்கிறாள் என்று. நான் என்ன செய்தேன்? முதல் முறை திட்டினேன். இரண்டாம் முறை டி.வி.யை நிறுத்தினேன். மூன்றாம் முறை டியூஷனில் சேர்த்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் என் மனைவி புத்தகக் கண்காட்சியிலிருந்து 'டோட்டோ-சான்' வாங்கி வந்தார். ஜப்பானிய நடிகை டெட்சுகோ குரோயநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981-இல் வந்த நூல். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்டவர் அவர். குற்றம்? மேஜை மூடியைத் திறந்து திறந்து மூடியது, ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டது!

அவரைச் சேர்த்துக்கொண்ட பள்ளி டோமோயே. டோக்கியோவில் ஜியுகவோகா என்ற இடத்தில் 1937-இல் சோசாகு கோபயாஷி நடத்த ஆரம்பித்த தனியார் பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்தே படித்தார்கள்; மொத்தம் ஐம்பது பேர் அளவில்தான். வகுப்பறைகள், ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகள். நான் வேலை பார்ப்பது ரயில் பெட்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில். ஆயுள் முடிந்த பெட்டி எங்கள் கணக்கில் பழைய இரும்பு, எடை போட்டு விற்கிற சரக்கு. அந்த மனிதர் அதில் பிள்ளைகளை உட்கார வைத்தார்.

காலையில் அன்றைய பாடங்கள் எல்லாவற்றுக்கும் உரிய வேலையை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிடுவார். பிடித்ததிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒருவன் கணக்குப் போடுவான், பக்கத்தில் இருப்பவள் படம் வரைவாள். எந்தப் பிள்ளைக்கு எதில் ஆர்வம், எங்கே தடுக்கிறது என்று ஆசிரியருக்குத் தானாகத் தெரிந்துவிடும். காலையிலேயே வேலை முடிந்தால் மதியம் எல்லோரும் சேர்ந்து நடைப்பயணம். சாப்பாட்டு டப்பாவில் கடலில் விளைந்தது கொஞ்சம், மலையில் விளைந்தது கொஞ்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. யாராவது ஒன்றைக் கொண்டு வராவிட்டால், தலைமையாசிரியரின் மனைவி பாத்திரத்தோடு வந்து பரிமாறுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய விளையாட்டு விழா. வளர்ச்சி நின்றுபோய், கை கால் குட்டையான ஒரு மாணவன் அங்கே இருந்தான். அந்த விழாவில் எல்லாப் போட்டியிலும் முதலில் வந்தவன் அவன்தான்! யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. துணியில் செய்த மீனின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். தாழ்வான படிகளில் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். நெட்டைக் கால்கள் அங்கே தடுமாறின. போட்டிகளை அப்படித் திட்டமிட்டு அமைத்தவர் தலைமையாசிரியர். பரிசு என்ன தெரியுமா? முள்ளங்கி, கீரை! வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிடலாமே என்றாராம். நண்பர்களே, நாம் நாலு வருஷம் டிசைன் படித்தோம். இதுவல்லவா டிசைன்!

சேர வந்த முதல் நாள், அந்தச் சிறுமி பேசியதை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார் அவர். நடுவில் கொட்டாவி விடவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தொழிற்சாலையில் ஒரு பேரிங் சத்தம் போட்டால் காதை வைத்துக் கேட்கிறவன் நான். வீட்டில்?

அன்று இரவு மொட்டை மாடியில் மகளோடு உட்கார்ந்தேன். "ஸ்கூல்ல என்னம்மா நடக்குது? சொல்லு" என்றேன். நாற்பது நிமிஷம் பேசினாள். தோழியின் பென்சில் பெட்டி, வேனில் தூங்கிப்போன பையன், எல்லாம் வந்தது. கடைசியில் சொன்னாள்: "போர்டுல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியுதுப்பா. அதான் கிட்ட போயிப் பார்க்கறேன்."

மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். டைரியில் சிவப்பு மை இல்லை. பள்ளியை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கூடவே இருந்த அப்பனுக்கே தெரியவில்லையே!

டோமோயே 1945-இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. போருக்குப் பின் அதே இடத்தில் கோபயாஷி மழலையர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பழைய பள்ளியை மீண்டும் கட்டாமலே 1963-இல் காலமானார். எட்டு வருஷம்தான் நடந்த பள்ளி. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பேரை வைத்துக்கொண்டு நம் ஆசிரியர்கள் படும் பாடும் எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை பேசுவதைக் கேட்பதற்கு ஃபீஸ் இல்லை, அட்மிஷன் வரிசையும் இல்லை.

சங்கத்துக்கு ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த ஆண்டு கூடும்போது, வந்திருக்கும் குழந்தைகளுக்குப் போட்டி வைப்போம். எப்போதும் கடைசியில் வருகிற பிள்ளை ஜெயிக்கிற மாதிரி ஒரு போட்டியாவது இருக்கட்டும். அதை வடிவமைக்கிற பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். மெஷின் டிசைன் சாரே வந்து திருத்தட்டும்!

பரிசு முள்ளங்கிதான்.