காப்பகங்களில் கருணைக் கொலை: சட்டம் எதற்காகச் சம்மதிக்கிறது?



இக்கருத்தரங்குக்குத் தலைமை வகிக்கும்படி நீங்கள் இட்ட பணியை நன்றியுடன் ஏற்கிறேன். காப்பகத்தில் இருக்கும் நாய்க்கும் பூனைக்கும் சட்டத்தின் சம்மதத்தோடு அளிக்கப்படும் மரணத்தைப் பற்றி ஆராய்வதற்கு முன்னால், அந்தச் சம்மதம் எதன் பொருட்டு அளிக்கப்படுகிறது என்ற கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தீராத நோயால் துடிக்கும் ஒரு ஜீவனின் வேதனையை முடித்துவைப்பதற்காகவா, அல்லது ஊரில் பெருகிவிட்ட பிராணிகளின் தொகையைக் குறைப்பதற்காகவா? இவ்விரண்டு காரியங்களையும் தெளிவாகப் பிரிக்காமல் ஒரே சட்டத்துக்குள் குடியிருக்க விட்டதனால்தான் நாம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தடுமாறி வருகிறோம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்தத் தடுமாற்றத்துக்குச் சட்டத்தைவிட நீண்ட சரித்திரம் உண்டு. 1926ஆம் ஆண்டில் ஆமதாபாத்து ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய், தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்வித்துவிட்டு, மனம் அமைதியுறாமல் காந்தியடிகளிடம் சென்றார். வேறு வழி இல்லை என்று அடிகள் சொன்னதும் எழுந்த கண்டனங்கள் கொஞ்சமல்ல. அவற்றுக்கு விடையாக ‘யங் இந்தியா’ இதழில் தொடர்ந்து எழுத வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1928இல், சபர்மதி ஆசிரமத்தில் தேறுவதற்கு வழியே இல்லாமல் வேதனைப்பட்ட கன்று ஒன்றை, வைத்தியரை அழைத்து ஊசி போடச் செய்து, அதன் துன்பத்தை முடித்துவைத்தபோது கூக்குரல் மறுபடியும் எழுந்தது. இரண்டு செயல்களையும் அவர் தளராமல் ஆதரித்தார் என்றாலும், ஊன்றிப் படிப்பவருக்கு வேற்றுமை விளங்காமற் போகாது. நாய்களின் விஷயத்தில் அவர் பேசியது மனிதரின் பாதுகாப்பை. தெருவில் நாய்களைத் திரியவிட்டு, எப்போதாவது ஒரு பிடி சோறு எறிந்து, அதையே தருமம் என்று எண்ணிக்கொள்ளும் சமூகத்தின் பொறுப்பின்மையை. கன்றின் விஷயத்தில் பேசியதோ அந்தக் கன்றின் வேதனையை மட்டுமே. ஆசிரமத்தில் கன்றுகள் அதிகமா குறைவா என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின், ராஜ்ய சபையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் பிராணிவதைத் தடை மசோதா ஒன்றைக் கொண்டுவந்ததையும், அரசாங்கமே அதைக் கையில் எடுத்துக்கொள்ளும் என்று நேரு கொடுத்த வாக்கின் பேரில் அதை மீட்டுக்கொண்டதையும், அந்த முயற்சியின் பலனாக 1960ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்ததையும், 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானதையும் இந்த அவை அறியும். அம்மையாரின் பெருமைக்குக் குறைவு நேராமல் ஒன்று சொல்ல வேண்டும். அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, படுகாயமுற்றோ நோயுற்றோ கிடக்கும் பிராணியை உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் நிலையில் மட்டும் அதன் முடிவுக்கு வழி செய்கிறது. வைத்தியரின் சான்றையும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவையும் நாடுகிறது. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவோ, தெருநாய்களைக் கொலை அறைகளில் அழிப்பதை வதை என்னும் குற்றத்திலிருந்து விலக்கிவைக்கிறது. முன்னது கன்றின் நியாயம். பின்னது ஆலை வளாகத்தின் நியாயம்.

இரண்டாவது நியாயத்தைக் கடைப்பிடித்து அது என்ன பயன் தந்தது என்பதைச் சென்னை பிரத்தியட்சமாகக் கண்டது. 1860ஆம் ஆண்டிலிருந்து நாய் பிடித்துக் கொல்லும் வேலையை மாநகராட்சி செய்து வந்தது; மின்சாரம் பாய்ச்சியும் கொன்றது. நாய்கள் குறையவில்லை, வெறிநாய்க்கடியும் குறையவில்லை. குப்பையும் எச்சிலும் கிடக்கும் தெருவில் ஒரு நாயை அகற்றினால், அந்த இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்து குட்டி போடும் என்பதைக் கண்டு, பிராணிகள் நல அமைப்பான புளூ கிராஸ் 1964 முதலே கருத்தடையை வற்புறுத்தி வந்தது. நகரம் முழுவதற்கும் அந்த முறை வருவதற்கு 1996 ஆயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தத் தாமதத்தில் மாண்ட உயிர்களை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது.

2001ஆம் ஆண்டில் வந்த நாய்க் கருத்தடை விதிகள், தீரா நோயுற்றவற்றுக்கும் மரணகாயம் பட்டவற்றுக்கும் மட்டுமே கருணைக் கொலையை அனுமதித்தன. தகுதி பெற்ற மிருக வைத்தியரே மயக்க மருந்து செலுத்தி அதைச் செய்ய வேண்டும் என்றன. ஒரு நாயின் கண்ணெதிரே மற்றொன்றைக் கொல்லலாகாது என்றன. உயிர் பிரிந்ததை உறுதி செய்துகொண்ட பின்னரே உடலை அகற்ற வேண்டும் என்றும் விதித்தன. நம் சட்டப் புத்தகங்களில் இத்தனை ஈரமுள்ள வாசகங்களை நான் அதிகம் கண்டதில்லை. 2023ஆம் ஆண்டு விதிகளும் அவற்றைத் தழுவியே சென்று, பென்டோபார்பிட்டலை இரத்த நாளத்தின் வழியே செலுத்தும்படி சொல்கின்றன. அம்மருந்து முதலில் மூளையின் உணர்வை அடக்கி, அதன் பிறகே சுவாசத்தையும் இருதயத்தையும் நிறுத்துவதனால், பிராணி தன் மரணத்தை அறிவதில்லை. ஆனால் அது போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து; சிறிய ஊர்க் காப்பகத்துக்கு எளிதில் எட்டுவதன்று. மயக்கம் கொடுக்காமல் மக்னீசியம் சல்பேட்டை மட்டும் ஏற்றினால், தசைகள் செயலற்றுப் போகும், உணர்வு போகாது. அசையாமல் கிடப்பதைப் பார்ப்பவர் அதை அமைதி என்று கருதிவிடுகிறார். அதைவிடக் கொடிய மரணத்தை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. மருந்தின் பெயரை விதியில் எழுதிய அரசாங்கம், அம்மருந்து வைத்தியரின் கைக்கு வந்து சேரும் வழியையும் எழுதித் தரக் கடமைப்பட்டிருக்கிறது.

வெறிநோய் கண்ட நாயின் விஷயத்தில் விதி என்னைத் திகைக்க வைக்கிறது. அதைத் தனியே அடைத்து, இயற்கையாக மடியும்வரை விட்டுவைக்க வேண்டும். முன்கூட்டிக் கொன்றால் நோயின் உண்மையான பரவல் தெரியாமற்போகும் என்று காரணம் கூறப்பட்டது. நோயின் குறிகள் வெளிப்பட்ட பின் அந்த நாய்க்குப் பிழைப்பு இல்லை. மரித்தபின் மூளைத் திசுவைச் சோதித்தால் நோய் உறுதியாகத் தெரியும். அதற்கு அது துடித்துத்தான் சாக வேண்டும் என்ற அவசியம் இல்லை. எல்லாவற்றிலும் அதிகமாக வேதனைப்படும் ஜீவனுக்கே கருணை மறுக்கப்படுவதை மருத்துவர்கள் இந்த அவையில் விவாதிக்க வேண்டுகிறேன். பூனையின் கதி இன்னும் பரிதாபமானது. 2001ஆம் ஆண்டு விதிகள் பெயரிலேயே நாய்களுக்கு உரியவையாக இருந்தபடியால், அது பொதுச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று.

கொல்லவே கூடாது என்று சட்டம் செய்துவிட்டால் போதுமே என்போருக்கு இத்தாலியையும் தைவானையும் காட்டுகிறேன். இத்தாலி 1991ஆம் ஆண்டிலேயே தீரா நோயும் நிரூபணமான அபாயமும் தவிர வேறு காரணத்துக்காகக் காப்பக நாயைக் கொல்லலாகாது என்றது, பாராட்டத்தக்க சட்டம்தான். ஆயினும் அங்கே ஆயுள் முழுவதையும் கூண்டிலே கழித்த நாய்கள் பல. தைவானில் 12 நாட்களுக்குள் எவரும் தத்தெடுக்காத பிராணியைக் கொல்லலாம் என்றிருந்த முறை 2017இல் ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், காப்பகம் ஒன்றின் பொறுப்பில் இருந்த இளம் பெண் மிருக வைத்தியர், பலரது ஏச்சுக்கும் ஆளான நிலையில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊராரின் கவனக்குறைவால் பிறந்த உயிர்களைக் கொல்லும் வேலையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவரையே பழிப்பது எவ்வளவு பெரிய அநீதி!

இவையெல்லாம் இன்று அவசரமாவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்டு 11ஆம் நாள் தில்லிப் பிரதேசத்துத் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 22ஆம் நாள் அதைத் தளர்த்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களை, வெறிநோயும் மூர்க்கமும் உள்ளவை நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்கச் சொன்னது. குழந்தைகளின் பாதுகாப்பை நான் இலேசாக மதிப்பவன் அல்லேன். ஆனால் காப்பகம் நிரம்பி வழியும்போது, வைத்தியரின் சான்றிதழில் ‘தீரா நோய்’ என்னும் சொல் இடநெருக்கடிக்கு ஏற்ப நீளத் தொடங்கும் என்று அஞ்சுகிறேன். ஆகவே இடத்தைப் பற்றிய பொறுப்பு உடையவர் எவரும் மரணத்தைப் பற்றிய தீர்மானத்தில் கையெழுத்திடலாகாது என்றும், 11ஆம் பிரிவில் இன்னும் எஞ்சியிருக்கும் கொலை அறைச் சலுகையை நீக்க வேண்டும் என்றும் தீர்மானங்களை முன்மொழிகிறேன். முதல் அமர்வில் சட்ட நிபுணர்கள் பேசுவதாக நிகழ்ச்சி நிரல் கூறுகிறது. அவர்கள் பொறுத்தருளி, ஊசியைக் கையில் ஏந்திப் பழகிய மிருக வைத்தியர்களை முதலில் பேச விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.