புத்தக கிளப்பில் சேர்ந்தால் பணம் மிச்சமாகுமா?

(புத்தூரில் நடந்த நம் கிளைக் கூட்டத்தில் பேசியது. வெளியூர் அங்கத்தினர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



"புத்தக விலையெல்லாம் இப்படி ஏறிக்கிடக்கே, பென்ஷன்காரா எப்படி வாங்கிப் படிக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்படி செயலாளர் எனக்கு உத்தரவிட்டிருக்கிறார். நான் இலக்கியம் படித்தவன் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம். அதற்குப் பிறகு சர்க்கார் உத்தியோகத்தில் கணக்கும் கோப்பும் பார்த்தே காலம் கழிந்தது. ஆகவே கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

புத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாவுக்கட்டுதான் ஞாபகம் வரும். கை கால் முறிந்தவர்கள் தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்து இங்கே வருகிறார்கள். தமிழ்ப் புத்தகம் வாங்க யாரும் இங்கே வந்ததில்லை! 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. நாம் ஆந்திராவில் இருந்துவிட்டோம். அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ். தமிழ்ப் புத்தகம் வேண்டுமானால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் தபால்காரரை எதிர்பார்க்க வேண்டும்.

தபாலில் புத்தகம் அனுப்பும் கிளப் என்ற யோசனை உலகம் முழுவதும் பிரசித்தமானது. அமெரிக்காவில் ஹாரி ஷெர்மன் என்பவர் 1926ல் 'புக் ஆஃப் தி மந்த் கிளப்' ஆரம்பித்தார். முதல் புத்தகம் 4,750 அங்கத்தினர்களுக்குப் போயிற்று. பத்து வருஷம் கழித்து, 1936ல், லண்டனில் விக்டர் கொலான்ஸ் 'லெஃப்ட் புக் கிளப்' தொடங்கினார். அங்கத்தினர்களுக்கு மாதம் ஒரு புத்தகம், விலை இரண்டரை ஷில்லிங். அரசியலில் நமக்கு உடன்பாடு இருக்கிறதோ இல்லையோ, விலையில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

நம் தேசத்தில் இதற்கு ஆதாரமாக இருந்தது வி.பி.பி. என்கிற ஏற்பாடு. 1877லேயே வந்துவிட்டது. தபால்காரர் பொட்டலத்தைக் கொண்டுவருவார். பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பணத்தைத் தபாலாபீஸ் அனுப்பியவருக்குச் சேர்ப்பித்துவிடும். பாங்கிக் கணக்கு இல்லாதவர்களும் இந்த வழியில் புத்தகம் வாங்க முடிந்தது. ஹிந்தியில், 1958ல் தொடங்கிய ஹிந்த் பாக்கெட் புக்ஸ் 'கரேலு லைப்ரரி யோஜனா' என்று வீட்டு நூலகத் திட்டம் நடத்தியது. தெலுங்கில் எமெஸ்கோ நிறுவனம் அதே மாதிரி வீடு தோறும் நூலகம் என்று செய்தது. தமிழில் 1960களின் நடுவில் தீரர் சத்தியமூர்த்தியின் குமாரத்தி லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 'வாசகர் வட்டம்' ஆரம்பித்தார். அங்கத்தினர்களுக்குச் சலுகை விலையில் நல்ல கட்டமைப்போடு புத்தகங்கள் வந்தன.

இந்தச் சலுகை எங்கிருந்து வருகிறது? பதிப்பாளர் தர்மம் செய்யவில்லை. ஒரு புத்தகத்தின் விலையில் காகிதம், அச்சுக்கூலி, ஆசிரியர் ராயல்டி போக, கடைக்காரர் கமிஷன் ஒரு பெரிய பங்கு. அதற்கும் மேல், விற்காமல் கிட்டங்கியில் தூங்கும் பிரதிகளின் செலவையும் விற்ற பிரதிகள்தான் சுமக்க வேண்டும். அங்கத்தினர் எத்தனை பேர் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அத்தனை பிரதி அச்சடித்தால் போதும். கடைக்காரர் கமிஷனும் இல்லை, தூங்கும் பிரதியும் இல்லை. அந்த மிச்சத்தில் ஒரு பாகம்தான் நமக்குத் தள்ளுபடியாக வருகிறது. ஆக, நாம் கொடுப்பது பணம் மட்டுமல்ல. "வாங்குவேன்" என்ற முன்வாக்கு. அந்த வாக்குக்குத்தான் விலை குறைகிறது.

இன்னொரு பலனும் உண்டு. முன்வாக்கு கிடைத்த பதிப்பாளருக்குத் துணிச்சல் வருகிறது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966ல் வாசகர் வட்ட வெளியீடாக வந்தது. வேத பாடசாலையில் படித்த பிள்ளையையும் அவன் தாயாரையும் பற்றிய அந்தக் கதையைப் படித்து நம்மவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். சா. கந்தசாமியின் 'சாயாவனம்' அறுபதுகளின் கடைசியில் வந்தது. சிட்டியும் ஜானகிராமனும் காவேரிக் கரையோடு பிரயாணம் செய்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971ல் வந்தது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976ல் வந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே போய்க் குடியேறியவர்களின் கதை அது. நம் பக்கத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய புத்தகம். இவற்றில் எத்தனையை நாமே கடையில் பார்த்து எடுத்திருப்போம்? கிளப் அனுப்பியதால் பலர் படித்தார்கள்.

என் தகப்பனார் பள்ளி ஆசிரியர். வாசகர் வட்டப் புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. கூடத்தில் அவர் உரக்கப் படிப்பார். பிறகு என்னைப் படிக்கச் சொல்லித் திருத்துவார். பள்ளியில் ஒரு நாள்கூடத் தமிழ் படிக்காத நான் இன்று தமிழில் எழுதிக் கொண்டுவந்து பேசுகிறேன் என்றால் அந்தப் பொட்டலங்கள்தான் காரணம். அப்பா சேர்ந்தது சிக்கனத்துக்காக. எனக்குக் கிடைத்தது எழுத்து.

எழுபதுகளில் நான் உத்தியோகத்துக்கு வந்த பிறகு தெலுங்கு வீட்டு நூலகத் திட்டம் ஒன்றில் சேர்ந்தேன். நானும் பக்கத்து வீட்டார் இருவரும் சேர்ந்து ஒரே சந்தா. மாதம் ஒரு பொட்டலம். செலவு மூன்றாகப் பிரியும். எல்லோரும் படித்த பிறகு புத்தகங்கள் முறை வைத்து ஒரு வீட்டில் தங்கும். இதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டோம். மூன்று வீட்டில் பத்துப் பேர் படித்தார்கள். ஒருவர் படித்ததற்கு ஆன செலவு என்று பார்த்தால், அட்டையில் போட்ட விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிளப் கொடுத்த தள்ளுபடியைவிட, நாங்கள் பங்கு போட்டதில் வந்த மிச்சமே அதிகம்.

இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. பெரிய நகரத்து ஆங்கிலப் புத்தக கிளப் ஒன்றில் அலுவலக நண்பர்களோடு நானும் சேர்ந்தேன். "வேண்டாம்" என்று குறித்த தேதிக்குள் கார்டு போடாவிட்டால் அந்த மாதப் புத்தகம் தானாக வந்துவிடும் என்பது விதி. கார்டு புத்தூர் வந்து சேர்வதே அந்தத் தேதிக்குப் பிறகுதான்! தபால் முத்திரைத் தேதியைக் காட்டி எழுதினேன், அடுத்த பொட்டலத்தை வாங்க மறுத்துத் திருப்பினேன், அதோடு விட்டார்கள். இந்த முறைக்கு அமெரிக்காவில் 1973லேயே சட்டவிதி போட்டு, மறுப்புச் சொல்லப் போதிய அவகாசம் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். இன்று கார்டு இல்லை, செல்போன் இருக்கிறது. "முதல் மாதம் இலவசம்" என்று சேர்த்துக்கொண்டு, பிறகு மாதாமாதம் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். ரிசர்வ் பாங்கி விதிப்படி, 2021 அக்டோபர் முதல், தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும். வெளியேற விடாமல் சிக்கவைக்கும் சந்தா முறையை மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. எஸ்.எம்.எஸ். வந்தால் படியுங்கள், பேரனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இனி, நாம் என்ன செய்யலாம்? பெரிய கிளப்புகள் பல மூடிவிட்டன. 2024 டிசம்பரில் தபால் இலாகா, குறைந்த கட்டணத்தில் இருந்த பதிவுப் புத்தகத் தபாலையும் நிறுத்திவிட்டது. சிறு பதிப்பாளர்கள் மிகவும் வருந்தினார்கள். பிறகு 2025 மே மாதம் 'க்யான் போஸ்ட்' வந்தது. கல்வி, சமூக, கலாசார, மத நூல்களுக்கு 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. நம் புத்தகம் அதில் அடங்குமா என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளவும். 300 கிராம் புத்தகங்கள் பதினைந்தை ஒரே பொட்டலமாக அனுப்பினால் தபால் செலவு ஒன்றுக்கு ஏழு ரூபாய்தான். தனித்தனியாக அனுப்பினால் இருபது.

ஆகவே என் யோசனைகள்:

1. ஒவ்வொரு கிளையிலும் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு புத்தகக் குழு அமைக்கட்டும். மாதம் ஒரு குடும்பம் ஒரு தமிழ்ப் புத்தகம் தேர்ந்தெடுக்கட்டும். பிடிக்காத புத்தகமானாலும் மற்றவர்கள் ஐம்பது பக்கமாவது படிக்க வேண்டும்.

2. பதிப்பாளரிடம் ஐந்து கிளைகள் சேர்ந்து மொத்தமாகக் கேட்டால் தள்ளுபடி கிடைக்கும். ஒரே பொட்டலமாக வரவழைக்கலாம்.

3. படித்து முடித்த புத்தகத்தை அலமாரியில் பூட்டாமல் அடுத்த ஊர்க் கிளைக்கு அனுப்ப வேண்டும். நோட்டுப் போட நான் தயார்.

4. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். எழுதாத கோரிக்கைக்குக் கோப்பு கிடையாது. இது என் அனுபவம்.

5. வாரம் ஒரு நாள், குழந்தைகளை உரக்கப் படிக்க வையுங்கள். பெங்களூரிலும் ஹைதராபாதிலும் இருக்கும் நம் பேரக்குழந்தைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியாது. செல்போனில் கேட்டாவது இந்த மாதப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கட்டும்.

பணம் மிச்சமாகுமா என்பது கேள்வி. படித்தால் மிச்சம்; படிக்காமல் அடுக்கினால், பாதி விலைக்கு வாங்கியதும் நஷ்டம்தான். வெளியூர்க் கிளைகள் தங்கள் முதல் புத்தகத்தின் பெயரை அடுத்த இதழுக்குள் எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.