மல்பே: மணலும் மீன்துறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்வாண்டு நம் காலனிக் குடும்பங்கள் ஒன்றுகூடிச் சென்றுவந்த மல்பேப் பயணத்தைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்திருக்கின்றனர். பயண வருணனையோடு நிறுத்திக்கொள்ளும் நிலையில் நாங்கள் இல்லை. அடுத்த ஆண்டும் மல்பேக்கே செல்வது என்பதில் கருத்து வேற்றுமை எதுவும் கிடையாது. ஆனால், கடற்கரை மட்டும் போதும், பக்கத்திலுள்ள மீன்பிடித் துறைமுகத்தை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கிவிடலாம் என்று சில குடும்பத்தார் கேட்டிருக்கின்றனர். துறைமுகமும் வேண்டும் என்னும் கட்சியினராகிய நாங்கள், எங்கள் பக்கத்து நியாயத்தை இம்மன்றத்தின் முன் வைக்க விரும்புகிறோம்.

கடற்கரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உடுப்பிக்கு மேற்கே சுமார் ஆறு கிலோமீட்டர் தொலைவில், அகன்று நீண்ட மணற்பரப்பு. நடக்க இயலாத பாட்டிமார் நிழலில் அமர்ந்திருக்க, பேரக் குழந்தைகள் ஒட்டகத்தின் மீதேறி ஊர்வலம் வரலாம். படகேறிச் சென்றால் செயின்ட் மேரித் தீவுகள். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகியபோது அறுகோணத் தூண்களாகப் பிளவுண்டு நிற்கும் பாறைகளை அங்கே கண்டோம். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தை ஒட்டி, ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை அவை என்பர் அறிஞர். 1498-இல் வாஸ்கோட காமா அத்தீவில் இறங்கினார் என்னும் செவிவழிக் கதையும் உண்டு. ஒன்றை மட்டும் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும். கோடையில் சாதுவாகத் தோன்றும் இதே கடல், தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் வேறு கடலாகிவிடும். அம்மாதங்களில் தீவுக்குப் படகு இல்லை. மக்கள் நீரில் இறங்காதிருக்கக் கரையோரம் வலை கட்டித் தடுத்துவிடுகின்றனர். விடுமுறை கிடைத்தது என்று ஜூலையில் புறப்பட வேண்டாம்.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். மணற்பரப்பின் தென்கோடியில், ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அது அமைந்துள்ளது. கருங்கல் அலைதடுப்பு ஒன்றே இடையில். இப்பக்கம் பட்டம் விடுகிறார்கள். அப்பக்கம் பனிக்கட்டி அரைபடும் ஓசை. மீன்பிடிப் படகுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் காட்சியைக் கண்டதும், நம் சிறுவர் ஒட்டகத்தை மறந்தே போயினர். ஆழ்கடலுக்குச் செல்லும் படகு, டீசலும் பனிக்கட்டியும் அரிசியும் ஏற்றிக்கொண்டு பத்து நாள் போலக் கடலிலேயே கிடக்கிறது. சுற்றுவலைப் படகிலோ இருபது முப்பது பேர் ஒருசேர நின்று வலையை இழுக்க வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் கூடை கூடையாக மீன் கரையேறுகிறது, ஏலக்காரர் கூவுகிறார், நாம் விலையைப் புரிந்துகொள்வதற்குள் சரக்குக் கைமாறிவிடுகிறது. அந்த ஏலத்தில் தலைநிமிர்ந்து நின்று விலை பேசியவர்களில் பலர் மொகவீரக் குலத்துப் பெண்மணிகள். சந்தைக்கும் தெருவுக்கும் மீனைக் கொண்டுசெல்வோர் பெரும்பாலும் அவர்களே.

இங்கே ஒரு சிறு செய்தி. அவர்கள் பேசுவது துளு. கானாங்கெளுத்தியை பங்குடெ என்கின்றனர், மத்தி அவர்களுக்கு பூதாயி, வஞ்சிரம், அஞ்சல். பெயர்கள் இப்படி விலகி நின்றாலும் கடல் அவர்களுக்கும் கடல்தான், மீனும் மீன்தான், வலை பலெ, ஓடம் ஓட. நம் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பில் திராவிட மொழிக் குடும்பம் என்று பாடம் சொல்கிறோமே, அதைக் காதால் கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் உண்டோ?

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாட்கள் இயந்திரப் படகுகளுக்குத் தடை. மீன்கள் இனம் பெருக்குவதற்கென விடப்பட்ட காலம் அது. கடலும் அப்போது கொந்தளித்துக் கிடக்கும். படகுகள் கட்டுண்டு நிற்க, வலைகள் செப்பனிடப்படுகின்றன. பிறகு பாலும் தேங்காயும் அலையில் விட்டுக் கடலை வணங்கிப் புறப்படுகின்றனர். இரண்டு மாதம் வருவாய் குறுகும் வீட்டின் கணக்கு எப்படியிருக்கும் என்பதை, மாதச் சம்பளக்காரர்களாகிய நாம் சற்று எண்ணிப் பார்ப்பது தகும்.

புறப்பட்ட படகுகள் எல்லாம் திரும்பிவிடுவதில்லை. 2018 டிசம்பர் 13-ஆம் நாள் இந்த மல்பேயிலிருந்துதான் 'சுவர்ண திரிபுஜ' என்னும் படகு ஏழு பேருடன் சென்றது. இரண்டொரு நாளில் தொடர்பு அற்றது. குடும்பத்தார் மாதக்கணக்கில் காத்திருந்தனர். 2019 மே மாதத் தொடக்கத்தில், மகாராஷ்டிரக் கரையில் மால்வணுக்கு அப்பால் கடலடியில் படகின் சிதைவைக் கடற்படைக் கப்பல் கண்டறிந்தது. எழுவரும் மீளவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர் பலர் மாண்டதையும், தப்பியவர்களின் படகுகள் மேற்குக் கரையோரம் பல துறைமுகங்களில் ஒதுங்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஊர்பேர் தெரியாத அவர்களை அன்று கரையேற்றிச் சோறிட்டவை இத்தகைய மீன்துறைகளே. வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு அதன் அருமை தெரியும்.

எதிர்க்கட்சியார் சொல்லும் குறை மூன்று. நாற்றம் என்கின்றனர், உண்மையே, அதை மறைத்துப் பேசுவது வீண். சைவ உணவினர்க்கு மனம் ஒவ்வாது என்கின்றனர். அக்குடும்பத்தார் அந்த ஒரு மணி நேரம் அருகிலுள்ள வடபாண்டேசுவரத்துப் பலராமர் கோயிலில் தரிசனம் செய்துகொள்ளலாம். மூன்றாவது, உழைக்கிறவர்களை வேடிக்கை பார்ப்பது நாகரிகமா என்பது. இதுதான் எங்களையும் உறுத்திய கேள்வி. கூடையோடு விரைந்த ஓர் அம்மையாரை நம்மவர் ஒருவர் மறித்துப் புகைப்படம் எடுக்க முனைந்தபோது, அவர் முகம் சுளித்ததை நாங்களும் பார்த்தோம். அதற்குப் பரிகாரம் போகாமலிருப்பதன்று, ஒழுங்காகப் போவது.

ஆகவே எங்கள் யோசனையைச் செயற்குழுவினர் முடிவுக்கு விடுகிறோம். ஐம்பது பேர் திரண்டு செல்லாமல் பத்துப் பத்துப் பேராகச் செல்வோம். துளுவோ கன்னடமோ அறிந்த ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருக்கட்டும். கூடை வரும் வழியில் நிற்பதில்லை. கேளாமல் படம் எடுப்பதில்லை. காலை ஆறு மணிக்கே போய், ஏழுக்குள் வெளியேறிவிட்டால் மணலில் விளையாட நாள் முழுதும் மீதமிருக்கிறது. தரை வழுக்கும், பழைய செருப்பையே அணிந்து வாருங்கள்.