வாட்டர் பம்ப்பை வீட்ல மாத்தலாம். டைமிங் செயினை?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திக்கல், திரும்பச் சொன்னது மட்டும் நீக்கப்பட்டிருக்கிறது.)

பழைய டீசல் கார் வாங்குறதைப் பத்திப் பேசின பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கீங்க. "வாட்டர் பம்ப் ஒழுகுது, வீடியோ பாத்து நானே மாத்திடலாமா?" உங்க வண்டியில அந்த பம்ப்பைச் சுத்த வைக்கிறது எதுன்னு தெரியாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது.

பழைய அம்பாசடர் பானெட்டைத் திறந்து பாத்தவங்களுக்குத் தெரியும், ரேடியேட்டருக்குப் பின்னால இருக்கிற ஃபேன் வாட்டர் பம்ப் மேலேயேதான் மாட்டியிருக்கும். ஒரே பெல்ட் ரெண்டையும் சுத்தும். அதனாலதான் அதுக்கு ஃபேன் பெல்ட்னு பேரு. இன்னைக்கு ஃபேன் கரண்ட்ல ஓடுது, பேரு மட்டும் மாறலை. அந்த மாதிரி வெளி பெல்ட்ல ஓடுற பம்ப்னா, பொறுமையும் சரியான ஸ்பேனரும் இருந்தா ஞாயித்துக்கிழமை வேலை. 2007-ல ஸ்விஃப்ட்ல வந்து, அப்புறம் டாடா வண்டிகள்லயும் ஓடி, 2020-ல பிஎஸ்6 வந்தப்போ நின்னுபோன பியட்டோட 1.3 லிட்டர் டீசல் இந்த வகை. அதுல டைமிங் செயின் உள்ள தனியா ஓடும், பம்ப் வெளி பெல்ட்ல ஓடும்.

ஆனா டஸ்டர்ல, லோகன்ல வந்த ரெனோ 1.5 டீசல்ல டைமிங் பெல்ட்தான் பம்ப்பைச் சுத்தும். பம்ப்பைக் கழட்டணும்னா டைமிங்கைக் கலைச்சே ஆகணும். அமெரிக்காவுல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்ல வந்த 3.5 லிட்டர் வி6 இன்னும் மோசம். பம்ப் இன்ஜினுக்குள்ளேயே உக்காந்திருக்கும், சுத்துறது டைமிங் செயின். சீல் பெருசா விட்டுச்சுன்னா கூலன்ட் நேரா ஆயில்ல போய்க் கலக்கும். தரையில ஒரு சொட்டுகூட விழாமலேயே இன்ஜின் காலியாகலாம். கோட் எழுதுறவங்களுக்கு இது புரியும், சின்ன லைப்ரரி ஒண்ணை மாத்தப் போய் மொத்த புராஜெக்டையும் பிரிக்கிற கதை.

சரி, எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். எங்க அத்தான் மருந்துக் கம்பெனி ரெப். நாகர்கோவில்ல இருந்து வாரம் மூணு நாள் திருவனந்தபுரம், மீதி நாள் மார்த்தாண்டம், தக்கலை. வண்டி நின்னா அன்னைக்கு வேலையும் நிக்கும். பத்து வருஷம் ஓடின டீசல் ஹேட்ச்பேக், கம்பெனி பேரு வேண்டாம். கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, முன்னாடி ஒரு சத்தமும் கேட்டுச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல "செயினும் பம்ப்பும் சேத்துத்தான் மாத்தணும்"னு 45,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுக் குடுத்தாங்க. அத்தான் எனக்குப் போன் போட்டு, "மக்கா, இது உள்ளதா, இல்ல நம்மள ஏமாத்துகானுவளா?"ன்னு கேட்டார்.

ரெண்டு பேரும் பானெட்டைத் திறந்து பாத்தோம். பம்ப்ல அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது பழுது இல்லை, வேணும்னே விட்டிருக்கிறது. உள்ள சீல் தேஞ்சா தண்ணி பேரிங்குக்குப் போகாம அந்த வழியா வெளிய வரும், நமக்கும் தெரியும். அதைச் சுத்தி கூலன்ட் காய்ஞ்சு உப்புப் படிஞ்ச மாதிரி இருந்துச்சு. பெல்ட்டைக் கழட்டிட்டுப் புல்லியைக் கையால அசைச்சுப் பாத்தா ஆட்டம் இருந்துச்சு. பம்ப் போனது உறுதி.

சத்தம்? அதுக்கு ஒரு வழி இருக்கு. வெளி பெல்ட்ல பம்ப் ஓடுற வண்டியில மட்டும்தான் இதைச் செய்யலாம், கேட்டுக்கிடுங்க. இன்ஜின் ஆறியிருக்கணும். பெல்ட்டைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணி, பத்துப் பதினஞ்சு செகண்ட்ல நிறுத்திடணும். அந்த நேரம் கூலன்ட் ஓடாது, பேட்டரி சார்ஜ் ஆகாது, அதனால ஆசைப்பட்டு ஓட விடக் கூடாது. சத்தம் நின்னுட்டா பம்ப், ஆல்டர்னேட்டர், டென்ஷனர் புல்லி இதுல ஏதோ ஒண்ணு. நிக்கலைன்னா இன்ஜின் உள்ள இருந்து வருது.

பண்ணிப் பாத்தோம். தொடர்ந்து கேட்டுக்கிட்டிருந்த உராயுற சத்தம் போயிடுச்சு. ஆனா ராத்திரி முழுக்க நிறுத்திட்டுக் காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது, ரெண்டு செகண்ட் மட்டும் தகரத்துல ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். அது பெல்ட் இல்லாமலும் வந்துச்சு. ஒர்க்‌ஷாப்காரங்க சொன்னதுல பாதி உள்ளதுதான். ரெண்டும் பழுது, ஆனா ரெண்டும் தனித்தனிப் பழுது.

பம்ப்பை எங்க வீட்டு முத்தத்துலயே மாத்தினோம். ஸ்பேர்ஸ் கடைக்குப் போகும்போது ஆர்சி புக்கையும் பழைய பம்ப்பையும் கையோட கொண்டு போங்க. ஒரே மாடல்ல வருஷத்துக்கு வருஷம் பம்ப் மாறும். பெல்ட் எந்தப் புல்லிக்கு மேல, எதுக்குக் கீழன்னு கழட்டுறதுக்கு முன்னாடியே போன்ல போட்டோ எடுத்துக்கிடுங்க. புல்லி போல்ட்டையும் பெல்ட் இருக்கும்போதே தளர்த்திடணும், பெல்ட் போன பிறகு புல்லி கூடவே சுத்திக்கிட்டு நம்ம உயிரை எடுக்கும். வண்டியைத் தூக்கினா ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்ட் வைங்க.

அதிக நேரம் எடுத்தது பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டினதுதான். அலுமினியம், இரும்பால கீறினா அந்தக் கீறல் வழியாவே திரும்ப ஒழுகும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால மெதுவா எடுத்தோம். போல்ட்டுகளை எதிரெதிரா, டார்க் ரென்ச் வச்சு இறுக்கினோம். கூலன்ட்ல கலக்க டிஸ்டில்டு வாட்டர்தான். அத்தான் வழக்கம்போல கிணத்துத் தண்ணி வாளியோட வந்து நின்னார். கிணத்துத் தண்ணியில இருக்கிற உப்பும் சுண்ணாம்பும் உள்ள படிஞ்சு, சீலைத்தான் முதல்ல தின்னும். அப்புறம் ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் விட்டு, காத்தை வெளியேத்தி, மறுநாள் காலையில வண்டி ஆறினதும் அளவைத் திரும்பப் பாத்தோம். பம்ப், கூலன்ட் எல்லாம் சேத்து 4,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

"அதான் சத்தம் கொறஞ்சுட்டுல்லா, ஓடட்டும் மக்கா"ன்னார் அத்தான். இங்கதான் நான் விடலை.

செயின் நீண்டுபோச்சுன்னு சொல்றோமே, இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுறது இல்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிற பின் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். நூறு கண்ணி தேய்மானம் சேந்தா மொத்த நீளம் கூடும். அந்தத் தளர்வை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல வேலை செய்யுறது. காலையில ஆயில் மேல ஏறி வர்ற வரைக்கும் செயின் தளர்ந்து அடிக்கும், அதுதான் அந்த ரெண்டு செகண்ட். டீசல் வண்டி ஆயில்ல கரி சேரும். ஆயில் மாத்துறதைத் தள்ளிப் போட்டா அந்தக் கரி பின்னை அரைக்கும். "செயின்னா ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்"னு சொல்லி விக்கிறாங்க. பிஎம்டபிள்யூவோட என்47 டீசலை வெளிநாட்டுல வச்சிருந்தவங்களைக் கேளுங்க. செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருந்ததால அதைத் தொடவே இன்ஜினை இறக்க வேண்டி வந்துச்சு.

ஓபிடி ஸ்கேனரைப் போட்டுப் பாத்தேன். பி0016 இல்லை. கிராங்க்கும் கேம்ஷாஃப்ட்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலைன்னு சொல்ற கோட் அது. அது வரலைன்னா செயின் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை, இன்னும் பல் தாண்டலைன்னுதான் அர்த்தம். தாண்டினா வால்வு பிஸ்டன்ல போய் இடிக்கும், அப்புறம் செலவு ஹெட்டோட நிக்காது. அதை அத்தான்கிட்ட சொன்னதும் ஒரு நிமிஷம் பேசலை. "அப்போ அதையும் நாமளே பாத்துருவோமா?"ன்னார்.

இல்லை. கிராங்க்கையும் கேமையும் அசையாம பூட்டுற டூல் அந்த இன்ஜினுக்குன்னே வேணும். முன் கவரைக் கழட்டணும், சம்ப்பும் இறங்கலாம், திரும்ப சீலன்ட் போட்டு ஒட்டணும். ஒரு பல் தப்பினா முதல் ஸ்டார்ட்லயே தெரியும், தெரியும்போது சரி பண்ண ஒண்ணும் இருக்காது. என்கிட்ட அந்த டூலும் இல்லை, அந்தக் கையும் இல்லை.

அடுத்த வாரம் ஊர்ல ஒரு மூத்த மெக்கானிக்கிட்ட விட்டோம். எங்க பக்கம் அவங்களை ஆசான்னுதான் கூப்பிடுறது. செயின், டென்ஷனர், கைடு எல்லாம் செட்டா மாத்தினார். மாட்டி முடிச்சு, சாவியைத் தொடுறதுக்கு முன்னாடி கிராங்க்கைக் கையாலயே ரெண்டு முழுச் சுத்து சுத்தி, குறியெல்லாம் சரியா வந்து நிக்குதான்னு பாத்தார். பழைய கைடைக் காட்டினார். பிளாஸ்டிக்ல செயின் அறுத்த பள்ளம், நகம் நுழையுற ஆழம்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பழைய கூலன்ட்டை ஓடையில ஊத்தாதீங்க, பேசின்ல திறந்தும் வைக்காதீங்க. அது இனிக்கும், நாயும் பூனையும் குடிச்சா செத்துப்போகும். கேன்ல அடைச்சு ஒர்க்‌ஷாப்ல குடுத்திடுங்க. உங்க வண்டிச் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்புறவங்க, பானெட்டைத் திறந்து வச்சுட்டு, காலையில முதல் ஸ்டார்ட்டைப் பதிவு பண்ணுங்க. சூடான இன்ஜின் சத்தத்தை அனுப்பினா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் பாப்போம்.